எல்லாரும் எடுத்துக்கோங்க என்று நான் சொன்னது

ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் நான் ஒரே வரியைத்தான் சொல்வேன். “இது என் சொத்து இல்ல, எல்லாரும் எடுத்துக்கோங்க.” யாரும் எழுதிக் கொடுத்த வரி இல்லை. முதல் வீடியோவை எப்படி முடிப்பது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன், பிறகு அதுவே பழகிவிட்டது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வீடியோக்கள், நூற்றுப் பன்னிரண்டு முறை அந்த வரி. அதை ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டு, எந்த வீடியோவில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று பட்டியல் போட்டு, எனக்கு எதிராகவே அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்த அன்று வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தாராவியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். இந்தி தெருவில் வந்தது, மராத்தி வரிசைகளில் நின்று நின்று வந்தது. எங்கள் சந்தில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்திலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு போவேன். கேஸ் பேப்பர் என்கிற பதிவுச் சீட்டு எடுக்கும் ஜன்னலில் என்ன கேட்பார்கள், டாக்டர் எழுதியதை எந்த மாடியில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களா சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்களா, எல்லாவற்றையும் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் மாற்றிச் சொல்வேன். இதற்குக் காசு வாங்கியதில்லை. வாங்குவது வழக்கமும் இல்லை. திரும்பி வரும்போது ஒரு டீ வாங்கித் தருவார்கள், குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் காலையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். ஒருத்தியோடு போனேன். இன்னொருத்தி காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய், தவறான வரிசையில் மத்தியானம் வரை நின்றுவிட்டு, ஜன்னலை மூடியதும் திரும்பி வந்தாள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். மறுநாளே முதல் வீடியோவை எடுத்தேன்.

எடுத்தது என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. எங்கள் வீடு இரும்பு ஏணியில் ஏறிப் போகும் மேல் அறை. கீழே தோல் பைப் பட்டறை. பைகளுக்கு வார் ஒட்டிக் கொடுப்பது என் தொழில், ஒரு வாருக்கு இவ்வளவு என்று கூலி. காலையிலிருந்து மெஷினும் சுத்தியலும் ஓயாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் நிறுத்துவார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் ஃபோனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துப் பேசுவேன். முகத்தைக் காட்ட மாட்டேன். காட்டினால் அப்புறம் நிம்மதியாக மீன் வாங்க முடியாது. என் கைகள் தெரியும், ஒரு பழைய கேஸ் பேப்பர் தெரியும், அதிலுள்ள பெயரைக் கட்டை விரலால் மறைத்துக்கொள்வேன்.

இலக்கணம் எல்லாம் சொல்லித் தருவதில்லை. எந்த இடத்தில் நிற்கிறாய், என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஏழாவது பாடம் கேஸ் பேப்பர் ஜன்னல். அதற்கு மட்டும் ஒன்பது தடவை எடுத்தேன். அந்த ஜன்னலில் நமக்குக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம். யாருக்கு, எத்தனை நாளாக, என்ன என்று வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். சாப், மேம்சாப் என்று இழுத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர் கையை நீட்டிவிடுவார். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், புதுக் கேஸ் பேப்பர் வேண்டும் என்பதற்கு, “பச்சே கோ தீன் தின் ஸே புகார் ஹை,” ஒரு சின்ன மூச்சு, “நயா கேஸ் பேப்பர் சாஹியே.” அந்த மூச்சை எங்கே விட வேண்டும் என்பதைக்கூடச் சொல்லியிருப்பேன். இழுத்துக்கொண்டே போனதில் நேரம் கடந்து, கடைசியில் கீழே சுத்தியல் சத்தம் தொடங்கிவிட்டது. மறுபடி எடுக்கத் தெம்பில்லாமல் அப்படியே போட்டேன்.

பார்க்கிறவர்கள் கூடினார்கள். மும்பைக்குப் புதிதாக வந்தவர்கள், புனேயில் கட்டட வேலைக்கு வந்தவர்கள், சூரத்தில் மில்லில் இருப்பவர்கள். கொஞ்ச காலத்தில் விளம்பரக் காசு என்று ஒன்று வர ஆரம்பித்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் வார் ஒட்டும் வேலை இல்லாத வாரங்களில் கை கொடுத்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்தக் காசு எனக்குப் பிடித்திருந்தது. கைக்குத்தான் அதுவரை கூலி வாங்கியிருந்தேன், வாய்க்கு யாரும் தந்ததில்லை.

அந்தக் கடைசி வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்தில் குழம்பு கொடுத்தால்கூட, உங்களுக்காகத்தான் வைத்தேன் என்று சொல்ல மாட்டோம். “கொஞ்சம் மிஞ்சிக் கெடந்துச்சு, எடுத்துக்கோங்க” என்போம், அவர்களுக்காகவே தனியாக எடுத்து வைத்திருந்தாலும். வாங்குகிறவருக்குக் கூச்சம் வரக் கூடாது. அதைக் கேட்டுவிட்டு யாரும் கிண்ணத்தை வைத்துக்கொண்டதில்லை. கிண்ணம் திரும்பி வரும், வெறுங்கிண்ணமாகவும் வராது. கொடுத்தவள் யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதனால்தான் அதை வாய்விட்டுச் சொல்லாமல் விடுகிறோம். நான் ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்து அதே பேச்சைப் பேசினேன். அந்தப் பக்கம் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மதினிதான் முதலில் கேட்டாள். மாவு வாங்கப் போகும்போது ஏணிக்குக் கீழே நிறுத்தி, “என்ன மதினி, இப்பம் துட்டுக்குத்தான் சொல்லிக் குடுக்கியளோ?” என்றாள்.

“என்ன துட்டு?”

“எங்கண்ணன் மருமவ ஒரு ஆப்ல மாசாமாசம் துட்டு கட்டிலா படிக்கா. ஒங்க சத்தந்தான் கேக்கு.”

அவள் ஃபோனில் இருந்ததைக் காட்டினாள். ஏதோ ஒரு கம்பெனியின் ஆப். முப்பது நாளில் இந்தி என்று மேலே பெரிய எழுத்து, ஒரு மூலையில் அவர்களுடைய முத்திரை. நடுவில் என் கை. என் கட்டை விரல், நகத்தில் பசைக் கறையோடு. என் குரல். ஏணிக்குக் கீழே நின்றபடியே ஒரு பாடத்தை முழுதாகக் கேட்டேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. கடைசி வரி மட்டும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர்கள், எடுத்துக்கோங்க என்று நான் சொன்ன வரியை வெட்டிவிட்டிருந்தார்கள். மாதாமாதம் காசு கட்டுகிறவளிடம் அதைச் சொன்னால் கடை எப்படி நடக்கும்.

“எனக்கு ஒத்தப் பைசா வரல மதினி. இது எனக்கே தெரியாது.”

மதினி தலையை ஆட்டினாள். நம்பியவர்கள் அப்படி ஆட்ட மாட்டார்கள். அடுத்த வாரம் சந்தில் இன்னொருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகக் கூப்பிட்டபோது, போய்விட்டு வந்ததும் டீ வாங்கித் தராமல், எவ்வளவு தரணும் என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை. அவர்கள் என் பாடங்களைத் துண்டு துண்டாக்கி நான் போடும் அதே வீடியோத் தளத்திலும் விளம்பரமாகப் போட்டிருந்தார்கள் என்பதால், தளத்துக்குப் புகார் கொடுத்தேன். அதற்குத்தான் பதில் வந்தது, ஆனால் தலைகீழாக. கம்பெனி என்மேல் இரண்டு புகார் கொடுத்திருந்தது. என் மூன்றாவது பாடமும் ஏழாவது பாடமும் அவர்களுடைய உரிமையை மீறுகின்றனவாம். இரண்டையும் தளம் தூக்கிவிட்டது. இன்னும் ஒரு புகார் வந்தால் சேனலே போய்விடும் என்று எழுதியிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பாடங்களும் போய்விடும். விளம்பரக் காசும் நின்றுபோனது. நான் மறுபடி எழுதினேன், தொடர்புகொண்டதற்கு நன்றி என்று பதில் வந்தது. இன்னும் விளக்கமாக எழுதினேன், அதே நன்றி மறுபடி வந்தது. பதினோரு நன்றி வாங்கியிருக்கிறேன். பட்டறைக்காரர் கோபக்காரர்தான், ஒரு வார் குறைந்தாலும் மேலே பார்த்துக் கத்துவார். ஆனால் கத்துவதற்கு ஒரு ஆள் இருக்கிறார், நானும் திரும்பக் கத்தலாம். இங்கே கத்துவதற்குக்கூட ஆள் இல்லை.

அந்தப் பட்டறைக்காரர்தான் செம்பூரில் ஒரு வக்கீலம்மாவின் விலாசம் கொடுத்தார். அவர்கள் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள். காலனிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வாசல் அறைதான் ஆபீஸ். எனக்காகக் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து பதில் வந்திருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். பஸ் பிடித்துப் போனேன். அங்கேதான், கம்பெனியின் பதிலோடு வந்திருந்த அந்தப் பட்டியலைப் பார்த்தேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, ஒரு வீடியோவின் கடைசி ஐந்து விநாடியை ஓட விட்டார்கள்.

“இது நீங்கதானே?”

“நான்தான் மேடம்.”

“‘இது என் சொத்து இல்ல’ன்னு உங்க வாயாலயே சொல்லியிருக்கேள். அதைத்தான் அவா பிடிச்சுண்டிருக்கா. உலகத்துக்கே லைசென்ஸ் குடுத்துட்டேள்ங்கறா.”

“அது ஒரு பேச்சுக்குச் சொல்லுதது மேடம்.”

“எனக்குத் தெரியறது. எங்காத்துலயும் அப்படித்தான் பேசுவோம். ஆனா ஃபாரத்துல பேச்சுக்குச் சொன்னதுன்னு ஒரு கட்டம் இல்லையே.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவர்கள்மேல் இல்லை. ஆனால் எதிரில் இருந்தது அவர்கள்தான். “எல்லாரும் எடுத்துக்கோங்கன்னுதான மேடம் சொன்னேன். அந்த எல்லார்ல நான் கெடையாதா? எல்லாருக்கும் குடுத்தது எனக்கு மட்டும் கூடாதுன்னு அவிய எப்படிச் சொல்லுதாவ? அதுவும் அந்த வரியையே வெட்டி எறிஞ்சிட்டு?”

வக்கீலம்மா பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். பிறகு கம்பெனி போட்டிருக்கும் ஏழாவது பாடத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அதன் கடைசியில், என் குரல் நிற்கும் இடத்தில், டொக் என்று ஒரு சத்தம். என் வரியை வெட்டியவர்கள் அதற்கு முன்னால் விழுந்த சுத்தியல் அடியைக் கவனிக்கவில்லை.

“இது என்ன?”

“கீழ பட்டறையில தோல் அடிக்கது மேடம். சாப்பாடு முடிஞ்சு அப்பந்தான் ஆரம்பிச்சாவ.”

“பேஷ். அவா ஆபீஸ்லயும் தோல் அடிக்கறாளான்னு கேட்டுடலாம்.” முதல் தடவையாகச் சிரித்தார்கள். ஆனால் அடுத்து சொன்னது சிரிக்கிற விஷயமாக இல்லை. மாசக் கணக்காகும். தளம் யார் பக்கமும் பேசாது. அதுவரை இரண்டு பாடங்களும் வராது. மூன்றாவது புகார் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீதியுள்ள நூற்றுப் பத்திலும் அந்தக் கடைசி வரியை நானே வெட்டிவிட வேண்டும். இவை என்னுடையவை, என் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது என்று ஒரு வீடியோ போட வேண்டும்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வெட்டுவது கஷ்டமில்லை என்று நினைத்தேன். மத்தியான நேரங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து கடைசி ஐந்து விநாடியை எடுத்தேன். ஆனால் முப்பது நாற்பது ஆனதும் கை நின்றுவிட்டது. கம்பெனிக்காரன் எந்த இடத்தில் வெட்டினானோ அதே இடத்தில்தான் நானும் வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் ஃபோனைத் தொடவே பிடிக்கவில்லை.

அதைவிட மோசம் அந்த அறிவிப்பு வீடியோ. அரிசி டின்மேல் ஃபோனை வைத்து, “இது என்னுடையது” என்று ஆரம்பித்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி சொன்னேன், குழாயடியில் சண்டை போடுகிறவள் குரல். மூன்றாவது தடவை நன்றாக வந்தது, ஆனால் முடிக்கும்போது “தப்பா நெனைக்காதிய” என்று வாய் தானாகச் சேர்த்துக்கொண்டது. அதற்குள் கீழே சுத்தியல் தொடங்கிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு முறை என்னுடையது இல்லை என்று சுலபமாகச் சொன்ன வாய்க்கு, என்னுடையது என்று ஒரு முறை சொல்ல நான்கு நாள் ஆனது. போட்டேன். காசைப் பார்த்ததும் அக்கா மாறிட்டாங்க என்று ஒருவர் கீழே எழுதினார். அதை இருநூறு பேருக்கு மேல் ஆமோதித்திருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் என் இந்தியைப் பேசி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர்களோ.

போன மாதம் எனக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. ஏணி ஏறி ஏறி முழங்கால் வீங்கியிருந்தது. கேஸ் பேப்பர் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று இருக்கும், தோளில் பிள்ளை. ஃபோனைக் காதோடு ஒட்டி வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். உதடு அசைவதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன். என் குரல்தான். ஏழாவது பாடம்.

“தமிழாம்மா?” என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. “ஆமாக்கா. வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது. அவுக வேலைக்குப் போய்ட்டாக, தனியாத்தான் வந்தேன். துட்டு கட்டுனாலும் பரவால்லக்கா, நல்லா சொல்லித் தாராவ.”

“அது நான்தான்மா.” நான்கு நாள் பழகியதில் வாய் இந்தத் தடவை தடுக்கவில்லை. “அது என் குரல். என் வீடியோ. அவிய எடுத்துப் போட்டிருக்காவ.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அப்பம் இந்தத் துட்டு ஒங்களுக்கா வருது?”

“இல்ல. எனக்கு ஒண்ணும் வரல. நீ துட்டே கட்ட வேண்டாம், என் சேனல்ல சும்மாவே இருக்கு. குடு, காட்டுதேன்.”

அவள் ஃபோனை வாங்கி என் சேனலைத் தேடி எடுத்தேன். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அவசரத்தில், அவள் கேட்டுக்கொண்டிருந்த அதே பாடத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற நினைப்பில், ஒரு வீடியோவின் கீழே யாரோ பகிர்ந்திருந்த பழைய ஏழாவது பாடத்தின் இணைப்பைத் தொட்டுவிட்டேன். திரை கறுப்பாகி, நடுவில் இங்கிலீஷில் இரண்டு வரி வந்தது. நீக்கப்பட்ட பாடம் என்பது எனக்குத் தெரியாதா. கை முந்திக்கொண்டுவிட்டது.

அவள் எட்டிப் பார்த்தாள். “என்னக்கா போட்டிருக்கு? எனக்கு இங்கிலீசு வராது.”

இதே வரிசையில் நின்று எத்தனையோ பேருக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறேன். கெட்ட சேதியாக இருந்தாலும் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. வேறு எதையாவது சொல்லிவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

“இது வேற ஒரு கம்பெனியோடது, அவிய புகார் சொன்னதால எடுத்துட்டோம்னு போட்டிருக்கு.”

அவள் ஃபோனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிள்ளையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றி, என்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றாள். ஆப்பைத் திறந்து ஒரு தரம் மறுபடி கேட்டாள். அவள் முறை வந்தது. ஜன்னலருகே குனிந்து, “பச்சே கோ தீன் தின் ஸே புகார் ஹை,” என்றாள். நான் சொல்லிக் கொடுத்த இடத்தில் மூச்சு விட்டாள். “நயா கேஸ் பேப்பர் சாஹியே.” ஒரு சொல்லும் தப்பவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பிள்ளைகள் பிரிவுப் பக்கம் போனாள்.

அடுத்து நான் ஜன்னலில் நின்றேன். உள்ளேயிருந்து, “போலோ, க்யா ஹை?”, சொல்லு என்ன, என்று கேட்டார்கள். முழங்கால் என்று சொல்ல வேண்டிய வாயில், அவள் சொல்லிவிட்டுப் போன என் வரிதான் வந்து நின்றது. பின்னால் நின்றவர் என் தோளுக்கு மேலே கையை நீட்டினார்.